நஞ்சு தெளித்த வீட்டில் கலைச்செல்வி அண்ணி

கலைச்செல்வி அண்ணியின் சகோதரி கவிதா அக்காவுக்கும், அவரோடு கல்லூரியில் பட்டு வளர்ப்புப் படித்த எல்லோருக்கும். தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். நாளை மதியம் வரைக்குமாவது காட்டாதீர்கள். குழுவில் போட வேண்டாம், படம் பிடித்து அனுப்ப வேண்டாம். தர்மபுரியில் ஒருவர் கைக்குப் போனால் அது சுற்றிச் சுற்றி ஜெர்மனியில், ஹம்மில் இருக்கும் என் அப்பாவின் தொலைபேசிக்கு வந்துவிடும். அதன் பிறகு எனக்கு என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

நான் அபி. அண்ணியின் கணவருடைய தங்கை. பத்தாம் வகுப்பில் படிக்கிறேன். போர்வைக்குள் தொலைபேசியை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணா படுத்திருக்கிறார். மேல்மாடியில் அவரும் அண்ணியும் இருந்த வீட்டை விட்டுவிட்டு இப்போது எங்களோடுதான் இருக்கிறார்.

எங்கள் இலங்கை ஆட்களின் வழக்கப்படி முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் அச்சடிப்பார்கள். முன்பக்கத்தில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், குடும்பத்தினர் ஆளுக்கொரு பக்கம். என்னுடைய பக்கத்தை எப்படித் தொடங்க வேண்டும் என்று அப்பாவே சொல்லித் தந்தார்: "படிக்கட்டில் தவறி வீழ்ந்து எம்மைப் பிரிந்த அன்பு அண்ணி." அந்த வரியை எழுதினேன். அடுத்த வரி வரவில்லை. வரவேண்டிய வரிகளை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் அவரை எனக்கு முன்பே அறிந்தவர்கள்.

செய்தி வந்தபோது நான் உயிரியல் வகுப்பில் இருந்தேன். பள்ளி அலுவலகப் பெண் கதவைத் திறந்து என் பெயரைச் சொன்னார். வெளியே, மேற்சட்டைகள் தொங்கும் இடத்தில் அப்பா வேலை உடுப்போடு நின்றார். அண்ணி மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடந்த நாட்கள் அவை. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி போயிட்டா, பிள்ளை" என்றார். நான் அழத் தொடங்குவதற்குள் என் தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினார். "இனி நீ ஆரோடையும் கவனமாத்தான் கதைக்கோணும். விளங்குதோ?"

அண்ணி இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதற்கு முன்பே என் வாயை மூடச் சொன்னார்கள்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரம் இதற்கு நேர்மாறாக இருந்தது. அண்ணாவும் அவரும் ஹம்மிலிருந்து டுசல்டோர்ஃபுக்குப் போகும் காலை ரயிலில் பழகியவர்கள். அண்ணா ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. அண்ணி பட்டு ஆய்வுக்கூடத்தில். "இந்தியாக்காரியோ?" என்று அம்மா பல மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு ஒருவாறு சம்மதித்தார். வந்த கையோடு அண்ணி ஒரு சின்ன டப்பாவை எங்கள் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறார். அம்மா அதைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, கசகசாவோ? உங்கட பக்கத்தில இப்பிடிக் கறுப்பாவோ இருக்கும்?"

"அய்யோ அத்தை, குழம்புல போட்டுடாதீங்க! அது முட்டை."

"என்னத்தின்ர முட்டை?"

"பட்டுப்புழு முட்டை. குளிர்ல தூங்குது. இலை துளிர்த்ததும் எழுப்பிக்கலாம்."

அம்மா டப்பாவை வைத்துவிட்டு இரண்டு தடவை கை கழுவினார். "அத்தை எண்டு கூப்பிடாதை. ஆரையோ கூப்பிடுற மாதிரிக் கிடக்கு. மாமி எண்டு சொல்லு."

"சரிங்க மாமி."

"சரிங்க இல்லை. ஓம்."

"ஓம்ங்க மாமி."

அப்பாவுக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அண்ணாவும் சிரித்தார். அன்று அவர் சிரித்ததையும் நான் எழுத வேண்டும். அவர் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கவில்லை. அதனால்தான் அடுத்தது எப்போது என்று எங்களுக்குத் தெரியாமல் இருந்தது.

அண்ணியின் வேலை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் நான் விளங்கிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன். ஜெர்மனியில் மல்பெரி மரம் குளிர்காலம் முழுக்க மொட்டையாக நிற்கும். ஆகவே உலர்ந்த இலைத்தூளும் சோயாவும் சேர்த்துப் பிசைந்த களியில் புழுக்களை வளர்த்தால், அவை கட்டும் கூட்டின் பட்டு பச்சை இலை தின்ற புழுவின் பட்டைப் போலவே இருக்குமா என்று பார்ப்பது அவருடைய பங்கு. சேலைக்கான பட்டு இல்லை. காயத்தை மூடவும் அறுந்த நரம்புக்குப் பாலம் போடவும் பயன்படுத்த ஆராயும் பட்டு. கோடை காலத்தில் பச்சை இலை தேவைப்பட்டால் என் பழைய ஆரம்பப் பள்ளியின் பின்வேலிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அங்கே ஒரு வரிசை மல்பெரி நிற்கிறது. உலகப் போர்க்காலத்தில் பிள்ளைகளை வைத்துப் பட்டுப்புழு வளர்ப்பதற்காக நட்டவை என்று பள்ளிக் காவலாளி சொன்னார். வானிலிருந்து குதிக்கும் சிப்பாய்களின் குடைத்துணிக்காம்.

"பார்த்தியா? எங்க ஊர்ல பட்டுன்னா கல்யாணம். இங்க பட்டுன்னா குண்டு" என்று அண்ணி ஒரு கிளையை வளைத்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு ஊர்லயும் செத்தது புழுதான்."

நூல் எடுக்கும் கொட்டகைகளைப் பற்றி அவர் மறைக்காமல் பேசுவார். உயிரோடு இருக்கும் புழுவைக் கூட்டோடு கொதிநீரில் போடுவதையும், வெந்த புழுவின் நாற்றம் துணியில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரை வந்ததையும், அதைத் தின்ன வாசலில் நாய்கள் படுத்திருந்ததையும் சாப்பாட்டு மேசையிலேயே சொல்வார். அம்மா காதைப் பொத்துவார். "பட்டுக்குள்ள ஒரு கொலை இருக்கு மாமி. கட்டுறவங்க கட்டட்டும். ஆனா அது இல்லேன்னு மட்டும் சொல்லக் கூடாது" என்பார்.

ஆய்வுக்கூடத்தில் கூட்டை பிளேடால் வெட்டி உள்ளிருக்கும் புழுவை உயிரோடு எடுத்து வைத்துவிடுவார்களாம். வெறுங்கூட்டைச் சோடா உப்பில் கொதிக்கவைத்துப் பசையை நீக்கி, வேறோர் உப்புக் கரைசலில் கரைத்து, அந்த உப்பையும் வடித்து, தண்ணீர் போலான பட்டை மெல்லிதாக ஊற்றிக் காயவைப்பார்கள். ஒரு நாள் அப்படிக் காய்ந்த துண்டு ஒன்றைக் கழிவிலிருந்து எடுத்து வந்து என் உள்ளங்கையில் வைத்தார். கண்ணாடிபோல் இருந்தது. என் கைரேகை அதனூடே தெரிந்தது. காயத்தின் மேல் வைத்தால் உடம்பு அதை மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்ளும் என்றார். அப்போதுதான் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தேன். ஊதா நிறத்தில் நான்கு விரல் அச்சு.

"இதை உங்கட கையில போடேலாதோ?" என்று கேட்டேன்.

சட்டைக் கையை இழுத்துவிட்டார். "இத இன்னும் எலிக்கே போட்டுப் பார்க்கலடி. நான் எலிக்கும் கீழ லைன்ல நிக்கிறேன்." தன் பகடிக்குத் தானே பெரிதாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிரிப்பு உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், ரயில் பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் சிரிப்பு.

நான் கண்ணால் பார்த்த முதல் அடி ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டில் விழுந்தது. ஆய்வுக்கூடத்தில் வேலை ஒப்பந்தத்தை நீட்டிக்கிறார்கள், புழு கூடு கட்டும் வாரங்களில் டுசல்டோர்ஃபில் தங்க வேண்டியிருக்கும் என்று அண்ணி சந்தோஷமாகச் சொன்னார். அண்ணா கரண்டியை வைத்தார்.

"ஆரைக் கேட்டு ஓம் எண்டனீ?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? என் வேலைதானே."

அண்ணா எழுந்து வந்ததை நான் பார்த்தேன், ஆனால் எதற்காக என்று விளங்கவில்லை. அண்ணியின் பின்னலைக் கையில் சுற்றி, கதிரையோடு பின்னால் இழுத்தார். கதிரை சாய்ந்தது. தலை ரேடியேட்டரில் அடித்த சத்தம் இரும்புச் சத்தமாக இருந்தது. கீழே கிடந்தவரை அவர் இரண்டு தடவை உதைத்தார். மூன்றாவது தடவை அப்பா "டேய், காணும், விடு" என்றார். நிறுத்தச் சொன்னதுபோல் இல்லை. ரேடியோச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதுபோல் இருந்தது. தட்டு உடைந்து சோறு எங்கும் சிதறியிருந்தது. அம்மா என்னிடம், "நீ சோத்தைப் பொறுக்கு" என்றார். நான் பொறுக்கினேன். ஒரு பருக்கையில் இரத்தம் இருந்தது.

பின்னேரம் அம்மா மஞ்சள் குழைத்துக்கொண்டு அண்ணியிடம் போனார். "ஆம்பிளையள் வேலையால களைச்சு வருவினம். நீ கொஞ்சம் வாயைக் குறை பிள்ளை."

"வாயைக் குறைச்சா கை நிக்குமா மாமி?"

அம்மா மஞ்சளைப் பூசிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அண்ணி கோடையிலும் முழுக்கைச் சட்டை அணிந்தார். ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. அவருடன் வேலை செய்த ஃபிராவ் நோய்மான் என்ற அம்மையார், அண்ணிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாராம். ஊரில் உங்களுக்கும் தெரிந்திருக்காது. காணொளி அழைப்பில் விளக்கு வெளிச்சத்தைப் பின்னால் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

புழுக்கள் செத்த சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பறையின் காற்றுக் கருவி பழுதாகிவிட்டது. புழுக்கள் கடைசிப் பருவத்தில் இருந்தன, இன்னும் சில நாளில் கூடு கட்டத் தொடங்கிவிடும். அந்தப் பருவத்தில் அவை பகலும் இரவும் தின்னும், ஒரு வேளை தவறினாலும் பட்டு குறையும். ஆகவே அனுமதி வாங்கிக்கொண்டு சில தட்டுகளை அண்ணி வீட்டுக்கே கொண்டுவந்து, மேல்மாடியில் சின்ன அறையில் அடுக்கினார். கதவருகே நின்றால் அவை தின்னும் சத்தம் கேட்கும், சருகின் மேல் யாரோ மெதுவாக நடப்பதுபோல. நானும் பள்ளி விட்டதும் மேலே ஓடிவிடுவேன். விரல் நீளத்தில், வெள்ளையாக, குளிர்ச்சியாக, கையில் ஏறினால் தலையைத் தூக்கி இலையைத் தேடும்.

"புழுவுக்கு விடிய விடியச் சாப்பாடு, புருசனுக்குப் பிரிட்ஜில வச்ச பழஞ்சோறு" என்று அண்ணா படியேறும்போதே சத்தமாகச் சொல்வார்.

"புழு திங்கறதுக்கு நூலாவது தருது" என்று அண்ணி உள்ளேயிருந்து சொன்னது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நானும் அண்ணியும் இரண்டு பை நிறைய இலை பறித்துக்கொண்டு வந்தோம். படியிலேயே மணம் வந்தது, பெட்ரோலும் எலுமிச்சையும் கலந்த மாதிரி. பால்கனியில் குளவிக் கூட்டுக்கு அடிக்கும் மருந்துத் தகர டப்பா அறை வாசலில் நின்றது. அண்ணா கதிரையில் உட்கார்ந்து தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்.

பூச்சிமருந்து பட்ட பட்டுப்புழு உடனே சாவதில்லை. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தலையை இடமும் வலமும் அறைந்தன. உடம்பை முறுக்கிக்கொண்டன. வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் கக்கின, அதிலேயே புரண்டன. ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தட்டின் விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே சுருங்கின. ஒன்று வாயோரத்தில் நூலை இழுத்தபடி துடித்தது. அறை முழுவதும் அசைந்தது. தின்னும் சத்தம் மட்டும் இல்லை.

அண்ணி கத்துவார் என்று நினைத்தேன். அவர் இலைப் பையைக் கீழே வைத்துவிட்டு, "எவ்வளவு அடிச்சே?" என்று கேட்டார்.

"என்ன?"

"மருந்து. எவ்வளவு நேரம் அடிச்சே? ஜன்னல் மூடியிருந்துச்சா? நான் அங்க ரிப்போர்ட் பண்ணணும்."

அண்ணா எழுந்தார். "பைத்தியக்காரி. புழுவுக்குச் செத்தவீடு செய்யப் போறியோ?" தகரத்தை எடுத்து அதன் அடிப்பக்கத்தால் அண்ணியின் முகத்தில் அடித்தார். மேலுதடு கிழிந்தது. அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொண்டு, விரல்களுக்கு இடையில் இரத்தம் வழிய, என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஜன்னலைத் திறந்துட்டு வெளிய போ அபி. இந்த மருந்து உனக்கும் ஆகாது."

என் அண்ணா அன்று புழுக்களைக் கொன்றதாக நினைத்தார். உண்மையில் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்துவிட்டார். அது எப்படி என்று அண்ணியே சில நாள் கழித்து ரயில் நிலைய வாங்குப் பலகையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார்.

வளர்ப்பறை வைத்திருக்கும் எந்த ஆய்வுக்கூடத்திலும் ஒரு விதி உண்டாம். பூச்சிமருந்து இருந்த இடத்தில் இருந்தவர்கள் அதைச் சொல்லாமல் உள்ளே போகக் கூடாது. உடுப்பில், தலைமுடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சமே போதும், எல்லாத் தட்டும் போய்விடும். திங்கட்கிழமை அண்ணி புது உடுப்பு வாங்கி அணிந்துகொண்டு போயும், அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"அடிய மறைக்க முழுக்கை இருந்துச்சு. இத மறைக்க ஒண்ணுமே இல்லடி" என்றார். "உள்ள போனா அடுத்தவங்க வருஷக்கணக்கா வளர்த்தது சாகும். போகலேன்னா காரணம் சொல்லணும். சரி, வீட்ல மருந்து அடிச்சாங்கன்னு சொன்னேன். எங்க அடிச்சாங்கன்னு கேட்டாங்க. புழு இருந்த ரூம்லன்னேன். புழு இருக்கறது தெரியாமயான்னு கேட்டாங்க. தெரிஞ்சுதான்னேன். யாருன்னு கேட்டாங்க. அப்புறம் என் உதட்டப் பார்த்தாங்க. அதுக்கு மேல என்னால நிறுத்த முடியல. எல்லாத்தையும் நின்ன இடத்துலயே சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும் ஒரு காப்பி கிடைக்குமான்னு கேட்டேன்."

ஃபிராவ் நோய்மான் காப்பி கொடுத்தார். பிறகு பெண்களுக்கான காப்பகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அண்ணி அன்றைக்கு ஹம்முக்குத் திரும்பவில்லை.

அவர் கடைசியாக எங்கள் கட்டடத்துக்கு வந்தது ஒரு வியாழன் பிற்பகல். அண்ணாவுக்குப் பகல் வேலை. சான்றிதழ்களையும் உடுப்புகளையும் எடுத்துக்கொண்டு போக வந்தார், நான் பைகளைக் கீழே இறக்கிக் கொடுத்தேன். ஃபிராவ் நோய்மான் கூட வருகிறேன் என்றாராம். "சின்ன வேலைதான், அபி இருக்கா" என்று அண்ணி சொல்லிவிட்டாராம். மேல்மாடிக்கும் எங்கள் மாடிக்கும் இடையே படியில் சற்று உட்கார்ந்தோம். அவருடைய உதட்டில் தையல் காயவில்லை.

"நான் பொலிஸுக்குச் சொல்லட்டோ, அண்ணி? சோறு சிந்தின அண்டைக்குப் பாத்ததை, மருந்தடிச்சதை?"

"எனக்காகச் சொல்லாத. எனக்காக மறைக்கவும் செய்யாத. உன் வாய் உன்னுது."

மீதிப் பையை எடுக்க அவர் மேலே போனார். நான் எங்கள் மாடி வாசலில் நின்றேன். உள்ளே அம்மா யாருடனோ தொலைபேசியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அண்ணாவுடன் என்றும், அண்ணி வந்ததுமே அவரை வரச் சொல்லியிருக்கிறார் என்றும் பிறகுதான் விளங்கியது. கீழ்க்கதவு அடித்துச் சாத்தும் சத்தம் வந்தது. அண்ணா இரண்டிரண்டு படியாகத் தாண்டி என்னைக் கடந்து போனார். என்னைத் தள்ளிவிட்டுப் போனதில் என் முழங்கை சுவரில் உரசித் தோல் போனது.

அண்ணி பையோடு மேற்படியில் நின்றார்.

"எங்கட வீட்டுக் கதையை வெள்ளைக்காரிக்குச் சொன்னனியோ?"

"கேட்டாங்க, சொன்னேன். வழி விடு சுதன்."

அண்ணா பையைப் பறித்துக் கீழே எறிந்தார். அது என் காலடியில் வந்து விழுந்தது. பிறகு இரண்டு கையாலும் அண்ணியின் தோளைப் பிடித்தார். ஒரு கணம் கட்டிப்பிடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். சுவரில் ஒரு தடவை அடித்தார். இரண்டாவது தடவை சுவரில் அடிக்கவில்லை, படியின் பக்கம் திருப்பித் தள்ளினார். அண்ணியின் கை கைப்பிடிக் கம்பியைத் தேடியது. அண்ணா அந்தக் கையை உதைத்தார். அதை நான் பார்த்தேன். கவிதா அக்கா, உங்களிடம் இதை எழுதுவதற்கு மன்னியுங்கள். ஆனால் அண்ணி தவறி விழவில்லை. பிடிக்கப் பார்த்தார்.

அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். துணி கொண்டுவந்தார். அண்ணியின் தலைக்கு வைக்கத்தான் என்று நினைத்தேன். அம்மா சுவரைத் துடைத்தார்.

நான்தான் அவசர எண்ணுக்கு அழைத்தேன். மருத்துவ ஊர்தியில் வந்தவர் என்ன நடந்தது என்று கேட்டார். எங்கள் வீட்டில் வைத்தியர், காரியாலயம் எங்கே போனாலும் பெரியவர்கள் தமிழில் சொல்வதை நான் ஜெர்மனில் சொல்வேன். சின்ன வயதிலிருந்தே அதுதான் என் வேலை. அம்மா அதே பழக்கத்தில் என் முதுகில் தட்டினார். "வழுக்கி விழுந்தவ எண்டு சொல்லு, கெதியாச் சொல்லு." நான் ஜெர்மனில், "வழுக்கி விழுந்தார் என்று என் அம்மா சொல்லச் சொல்கிறார்" என்றேன். அந்த மனிதர் அண்ணியின் கழுத்துக்குப் பட்டை கட்டிக்கொண்டே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அம்மாவுக்கு அவ்வளவு ஜெர்மன் தெரியாது.

சுடலையில் உங்கள் அம்மாவைத் தொலைபேசியில்தான் பார்த்தேன், கவிதா அக்கா. விசா கிடைக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள். என் சித்தப்பா அந்தத் தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். பெட்டியைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் மேலாக உங்கள் அம்மாவின் ஓலம் வந்துகொண்டிருந்தது. "என் புள்ளைய எப்படி விட்டீங்க, எப்படி விட்டீங்க" என்று. என் அண்ணா அந்தத் திரையைப் பார்த்துக் கும்பிட்டு அழுதார். உண்மையாகவே அழுதார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஃபிராவ் நோய்மான் கடைசி வரிசையில் தனியாக நின்றார். போகும்போது என் கையைப் பிடித்து, மருந்து அடித்த கதையையும் உதட்டுக் காயத்தையும் காவல்துறையிடம் தான் சொல்லிவிட்டதாகச் சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை.

அதனால்தான் நாளைக் காலை எனக்குக் காவல்துறையில் ஒரு Termin, வாக்குமூலம் கொடுக்கக் குறித்த நேரம், இருக்கிறது. சிறுவர் நலம் பார்க்கும் இளைஞர் அலுவலகத்துப் பெண் ஒருவர் என்னோடு இருப்பார், அம்மா அப்பா உள்ளே வரக் கூடாது.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா என்னை மேசையில் இருத்தினார். "நீ அவன்ர கூடப் பிறந்தவள். கூடப் பிறந்தவை சாட்சி சொல்லத் தேவையில்லை எண்டு இந்த நாட்டுச் சட்டமே சொல்லுது. லோயர் வடிவா விளங்கப்படுத்தினவர். நீ பொய் சொல்ல வேண்டாம். கதைக்க விருப்பமில்லை எண்டு மட்டும் சொல்லு. ஒரு வசனம்."

"அவன் உள்ளுக்குப் போனால் நாங்கள் கோயிலுக்கு எந்த முகத்தோட போறது?" என்றார் அம்மா.

"அப்ப அண்ணியின்ர அம்மா?" என்று கேட்டேன்.

அண்ணா என் பின்னால் வந்து நின்றார். என் தலையைத் தடவினார். விரல்கள் பின்னல் தொடங்கும் இடத்தில் வந்து நின்றன.

"அவள் சின்னப் பிள்ளை, அப்பா. அவளுக்கு அண்டைக்கு ஒண்டும் வடிவாத் தெரியேல்லை. தெரியேல்லைத்தானே, தங்கச்சி?"

நான் தலையாட்டினேன். அவர் எந்தப் பக்கமாக எடுத்துக்கொண்டாரோ தெரியாது. போகும்போது என் அறைச் சாவியைக் கதவிலிருந்து உருவிக்கொண்டு போனார்.

அண்ணியின் உடுப்புகளைக் கொடுத்துவிட்டார்கள். மேல்மாடியைச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். நினைவு மலருக்கு அவர்கள் எடுத்திருக்கும் படத்தில் அவர் சிரிக்கவே இல்லை. அப்படியென்றால் எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று இவ்வளவு நேரமும் எழுதிக்கொண்டே யோசித்தேன். இந்த வீட்டில் எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து எல்லோரும் நான் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தந்தார்கள். அண்ணி ஒருவர்தான் தன் பிழையான ஜெர்மனைத் தானே பேசினார். எனக்காகப் பேசு என்று ஒரு தடவைகூடக் கேட்காதவர் அவர். சாகப்போகும் நேரத்திலும் என் வாயை என்னிடமே தந்துவிட்டுப் படியேறினார். அதை நான் வைத்திருக்கிறேன். பயமும் கூடவே இருக்கிறது, எழுத்துகளைப் பிழையாக அழுத்தி அழுத்தித் திருத்துகிறேன். இருந்தாலும் நாளைக்கு அந்த ஒரு வசனத்தை நான் சொல்ல மாட்டேன். கம்பியைப் பிடிக்கப் பார்த்த கையை அண்ணா உதைத்ததைச் சொல்வேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை நான் அங்கே போகாமல் விட்டால், தங்கச்சி சாட்சி சொல்ல மறுத்துவிட்டாள் என்று இவர்கள் சொல்வார்கள். சட்டப்படி அது சரியாகவே கேட்கும். நம்பாதீர்கள். நான் மறுக்கவில்லை. நான் போகாவிட்டால் அது என்னால்

கதவைத் தட்டுகிறார்கள். "தங்கச்சி. ஆரோட எழுதிக்கொண்டிருக்கிறாய்?"

அண்ணாதான். அனுப்புகிறே